இருட்டுக்கு ஒரு வக்காலத்து

வெளிச்சத்துக்கு நம்மிடையே நல்ல பெயர் இருக்கிறது. அளவுக்கு மீறிய நல்ல பெயர் என்பது என் அபிப்பிராயம். அறிவு என்றால் வெளிச்சம்; உண்மை என்றால் வெளிச்சம்; ஒருவனுக்கு நல்ல காலம் பிறந்தால் 'விடிந்தது' என்கிறோம். இருட்டோ, பாவம், திருடனுக்கும் பேய்க்கும் வெளவாலுக்கும் சொந்தம். எதையும் திறந்து காட்டுகிறவன் யோக்கியன், மூடி வைக்கிறவன் சந்தேகத்துக்கு உரியவன் என்று ஒரு சூத்திரம் எப்படியோ நம் மனத்தில் ஊறிப் போயிருக்கிறது.

இந்தச் சூத்திரத்தை எதிர்த்து, இருட்டின் பக்கம் நின்று இன்று வாதாடப் போகிறேன். என் கட்சிக்காரர் ஒரு பழுப்பு நிறச் சீசா. எதிர்க்கட்சியில் இருப்பவர்கள் இரண்டு பேர்: பச்சைச் சீசா ஒன்று, நிறமே இல்லாத தெளிந்த சீசா ஒன்று. வழக்குக்குக் காரணமான பொருள், வீட்டிலே காய்ச்சிய பீர்.

"பீரா?" என்று சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. சுளிக்க வேண்டாம். யாரையும் குடிக்கச் சொல்வதற்கு நான் வரவில்லை. குடிக்காதே என்று உபதேசம் செய்வதற்கும் வரவில்லை. தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்பதும் தெரிந்த விஷயம். நான் பேசப் போவது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உள்ள குடும்பஸ்தர்களைப் பற்றி. அவர்களுடைய சமையலறையில் நடக்கிற ஒரு சின்னத் தவறு அந்தச் சமையலறையோடு நிற்கவில்லை. ஒரு பொருளைச் செய்கிறவன் அதை யாருக்காகச் செய்கிறான், கண்ணுக்காகவா, நாக்குக்காகவா என்ற கேள்வி வரைக்கும் அது போகிறது. அந்தக் கேள்வி பீரைத் தொடாதவனுக்கும் உண்டு. கதை எழுதுகிறவனுக்கு நிச்சயமாக உண்டு.

முதலில் இந்த வீட்டு பீர்க்காரர்களின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1880-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, வீட்டில் பீர் காய்ச்சுகிறவன் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றது. அந்த லைசென்ஸ் 1963-ல்தான் ஒழிந்தது. அப்போதைய நிதி மந்திரி ரெஜினால்ட் மாட்லிங் அந்த வருஷத்து பட்ஜெட்டில் அதை எடுத்துவிட்டார். அமெரிக்காவின் கதை இன்னும் வேடிக்கை. அங்கே 1920-ல் வந்த மதுவிலக்கு 1933-ல் போயிற்று. வீட்டில் ஒயின் செய்துகொள்ள அனுமதி கிடைத்தது. பீர் மட்டும் விட்டுப் போயிற்று. 1978 அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் அமலுக்கு வந்த பிறகுதான், மத்திய அரசைப் பொறுத்தவரை வீட்டு பீர் குற்றம் இல்லை என்று ஆயிற்று. வயது வந்தவர் ஒருவர் இருக்கிற வீட்டுக்கு வருஷத்துக்கு 100 காலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன். விற்கக் கூடாது. மிஸிஸிப்பி மாநிலம் இதற்கும் தலையசைக்காமல் 2013 வரை இழுத்தடித்தது.

'விற்கக் கூடாது' என்ற இரண்டு வார்த்தையை வாசகர்கள் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டும். என் வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது.

அவர்கள் செய்கிற வேலை இது. வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்தினால் அதற்கு மால்ட் என்று பெயர். அதை வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாற்றை இறக்குகிறார்கள். அந்தச் சாற்றை ஒரு மணி நேரம் போலக் கொதிக்கவிடுகிறார்கள். கொதிக்கும்போதே ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களைப் போடுகிறார்கள். பிறகு ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்து ஓரிரண்டு வாரம் புளிக்க வைக்கிறார்கள். புளித்து அடங்கியதும் சிறிது சர்க்கரை சேர்த்துச் சீசாவில் அடைத்து, இன்னும் இரண்டு வாரம் காத்திருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 5 காலன், அதாவது சுமார் 19 லிட்டர். சீசாக்கணக்கில் ஐம்பதுக்குக் கொஞ்சம் முன்பின்னாக வரும். இவ்வளவுக்கும் ஒரு மாதம் ஆகிறது. சட்டி கழுவுவதிலிருந்து சீசா கழுவுவது வரை எல்லாம் அவர்கள் கையாலேயே நடக்கிறது. அவசரக்காரன் செய்கிற வேலை இல்லை.

இனி ஹாப்ஸுக்கு வருவோம். பீருக்குக் கசப்பைத் தருவது இந்தப் பூ. கசப்போடு நிற்கவில்லை, சில கிருமிகளைக் கிட்டே வராமல் தடுத்து பீரைக் காப்பாற்றுவதும் இதுதான். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் வேறு பல மூலிகைகளைப் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஹாப்ஸின் இந்தக் காவல் குணம் தெரிந்த பிறகு மற்ற மூலிகைகளெல்லாம் மெல்ல மெல்ல ஒதுங்கிவிட்டன. 1516-ல் பவேரியாவில் போட்ட பிரசித்தமான சட்டம், பீரில் தண்ணீரும் வாற்கோதுமையும் ஹாப்ஸும் தவிர வேறொன்றும் கூடாது என்றே சொல்லிவிட்டது.

கிருமியை விரட்டுகிற இந்தக் காவல்காரனுக்கு வெளிச்சத்தின் முன்னால் பலம் கிடையாது. கொதிக்கும்போது ஹாப்ஸில் உள்ள அமிலங்கள் உருமாறி 'ஐஸோ ஆல்ஃபா அமிலங்கள்' ஆகின்றன. கசப்பு என்பது அவைதான். மால்ட்டிலிருந்தும் ஈஸ்ட்டிலிருந்தும் பீருக்கு ரிபோஃப்ளேவின் என்ற சத்தும் வருகிறது. டாக்டர் எழுதிக் கொடுக்கிற பி2 வைட்டமின்தான் அது. இந்த வைட்டமின் நீல வெளிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்ததை ஹாப்ஸ் அமிலத்தின் மேல் ஏவிவிடும். அமிலத்தின் ஒரு கிளை ஒடிந்து விழுகிறது. ஒடிந்த கிளை பீரில் இருக்கும் கந்தகத்தோடு சேர்ந்துகொள்கிறது. பிறக்கிற பண்டத்தின் பெயர் 3-மெத்தில்-2-பியூட்டீன்-1-தயால். பெயரை இப்போதே மறந்துவிடலாம். நாற்றத்தை மறப்பதுதான் கஷ்டம்.

வட அமெரிக்காவில் ஸ்கங்க் என்று ஒரு பிராணி இருக்கிறது. பூனை அளவு, கறுப்பு உடம்பு, முதுகில் வெள்ளைப் பட்டை. துரத்துகிறவன் மேல் அது பீச்சுகிற திரவத்தின் நாற்றம் அந்தத் தேசத்தில் பழமொழிக்குச் சமானம். வெயில் பட்ட பீரில் பிறக்கிற பண்டம் அந்தத் திரவத்துக்கு நெருங்கிய உறவு. நம் வீட்டுச் சமையல் காஸ் கசிந்தால் தெரிய வேண்டும் என்று ஒரு வாடையைக் கலந்து அனுப்புகிறார்களே, அதுவும் இதே கந்தகக் குலத்துப் பிறவிதான். ஒரு லிட்டர் பீரில் சில நானோகிராம் இருந்தால் போதும், மூக்குக்குத் தெரிந்துவிடும். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நினைக்கிறீர்கள்? தெளிந்த சீசாவை நல்ல வெயிலில் வைத்தால் சில நிமிஷங்கள். ஒரு மாதத்து உழைப்பு, ஒரு கடிதம் படித்து முடிக்கிற நேரத்தில் போய்விடுகிறது. போனது திரும்பாது. குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் திரும்பாது, இன்னும் ஒரு மாதம் ஆறப்போட்டாலும் திரும்பாது.

இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதியும் அல்ல. வெளிச்சம் பட்டால் பீர் நாறும் என்பதை லின்ட்னர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1875-லேயே எழுதிவைத்தார். 1960-களில் ஜப்பானில் குரோய்வாவும் அவருடைய சகாக்களும், இதில் ரிபோஃப்ளேவினின் கை இருக்கிறது என்று காட்டினார்கள். 2001-ல் அமெரிக்காவின் வட கரோலினா சர்வகலாசாலையைச் சேர்ந்த மால்கம் ஃபோர்ப்ஸும், பெல்ஜியத்தின் கெண்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த டி கியூகெலைரும் சேர்ந்து, லேசர் ஒளியைப் பாய்ச்சி, அமிலம் எந்த இடத்தில் ஒடிகிறது என்பது வரைக்கும் பார்த்துவிட்டார்கள். ஆகவே 'தெரியாமல் செய்துவிட்டோம்' என்று சொல்லும் பாக்கியம் இப்போது எந்தக் கம்பெனிக்கும் கிடையாது.

பரிகாரம் என்ன? அதுவும் தெரிந்ததுதான். பழுப்புக் கண்ணாடி, கெடுதல் செய்கிற நீலத்தையும் ஊதாவையும் பெரும்பாலும் உள்ளே விடாது. அளவைச் சொல்ல வேண்டுமானால், சுமார் 500 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியை அது நிறுத்திவிடுகிறது. பச்சைக் கண்ணாடி அதில் கணிசமான பங்கை உள்ளே விட்டுவிடுகிறது. தெளிந்த கண்ணாடியோ வாசற்கதவைத் திறந்து போட்டு 'வாருங்கள்' என்று வரவேற்கிறது. 'கண்ணாடிதான் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடுமே' என்று பள்ளிக்கூடத்துப் பாடத்தை நினைவு வைத்துக்கொண்டு சிலர் கேட்பார்கள். கொஞ்சம் தடுக்கும், வாஸ்தவம்தான். ஆனால் இங்கே புற ஊதா மட்டும் குற்றவாளி அல்ல. நம் கண்ணுக்குத் தெரிகிற சாதாரண நீல ஒளியே இந்த வேலையைச் செய்துவிடுகிறது.

மருந்துக் கடைக்காரருக்கு இது தெரியும். டிங்சர் அயோடினை அவர் பழுப்புச் சீசாவில்தான் கொடுக்கிறார். "ஏன் ஐயா, உள்ளே என்ன இருக்கிறது என்று மறைக்கிறீர்?" என்று அவரோடு யாரும் சண்டைக்குப் போனதில்லை.

அப்படியானால் பச்சைச் சீசாவும் தெளிந்த சீசாவும் எதற்காக உலகத்தில் இருக்கின்றன? இதைப் புரிந்துகொள்ள பொஹீமியாவில் பில்ஸன் என்ற ஊருக்குப் போக வேண்டும். 1838-ல் அந்த ஊர் ஜனங்கள் தங்களுக்குக் கிடைத்த மட்டமான பீரைப் பொறுக்க மாட்டாமல், பீப்பாய்களை நகர மன்றத்தின் முன்னால் உருட்டிக்கொண்டு வந்து தெருவில் கவிழ்த்தார்கள். பிறகு ஊரார் சேர்ந்து புதிய காய்ச்சுசாலை ஒன்றை நிறுவி, யோஸஃப் க்ரோல் என்ற பவேரியரை வரவழைத்தார்கள். 1842 அக்டோபரில் அவர் காய்ச்சிய பீர் பொன் நிறமாக வந்தது. அதுவரை பீர் என்றால் பெரும்பாலும் கறுத்ததோ கலங்கியதோதான். ஜனங்கள் மண் குவளையிலும் மரக் குவளையிலும் ஈயக்கலப்புக் குவளையிலும் குடித்துக்கொண்டிருந்தார்கள். நிறத்தைப் பார்த்தவர் யார்? பொன் நிற பீர் வந்த அதே நூற்றாண்டில் கண்ணாடியும் மலிந்தது. இங்கிலாந்தில் கண்ணாடி வரியை 1845-ல் எடுத்தார்கள். குடிக்கிற பொருளாக இருந்த பீர், பார்க்கிற பொருளாகவும் ஆயிற்று. பார்க்க அழகாக இருப்பதில் ஒரு குற்றமும் இல்லை. அழகு குவளையில் இருக்கட்டும். ஊற்றினோம், பார்த்தோம், குடித்தோம் என்று முடிந்துவிடும். ஆனால் வியாபாரி அந்த அழகைச் சீசாவுக்கும் கொண்டுபோனார். சீசா மாதக் கணக்கில் விளக்கடியில் நிற்கிறதே என்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

பச்சைச் சீசாவின் செல்வாக்கு இன்னும் விசேஷம். பச்சை என்றால் ஐரோப்பியச் சரக்கு, உயர்ந்த சரக்கு என்று ஒரு எண்ணம் பரவிவிட்டது. கடையில் விளக்குப் போட்ட கண்ணாடி அலமாரியில் அது நாட்கணக்கில் நிற்கிறது. வாங்கிப் போய்த் திறக்கிறவனுக்கு ஒரு நாற்றம் வருகிறது. அவன் என்ன செய்ய வேண்டும்? பில்ஸன்காரனைப் போலத் தெருவில் கவிழ்க்க வேண்டும். செய்வதில்லை. "ஆஹா, இதுதான் வெளிநாட்டு பீரின் தனி மணம்!" என்று கண்ணை மூடிக்கொண்டு ரசிக்கிறான். அதற்காக அதிகப் பணமும் கொடுக்கிறான். எனக்கு ஆத்திரம் வருகிற இடம் இதுதான். பொருளைக் கெடுத்து விற்பது பழைய பாவம். சந்தை தோன்றிய நாளிலிருந்து நடக்கிறது. கெட்டுப் போனதையே உயர்வின் அடையாளம் என்று ஒரு தலைமுறையின் நாக்குக்குப் பழக்கிவிடுவது அதைவிடப் பெரிய பாவம். நாக்கைப் பறிகொடுத்தவனால் குற்றம் சொல்ல முடியாது. தனக்குக் குறை நேர்ந்திருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது.

தெளிந்த சீசாவில் வருகிற மெக்ஸிகோ பீரின் வாயில் எலுமிச்சைத் துண்டைச் செருகிக் குடிப்பது ஒரு நாகரிகமாகிவிட்டது. அது எப்படித் தொடங்கியது என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். எந்தக் கதை நிஜமானாலும் சரி, சீசாவைக் கறுப்பாக்குவதைவிட எலுமிச்சை நறுக்குவது சுலபம் என்று உலகம் தீர்மானித்துவிட்டது போலத் தோன்றுகிறது.

இதற்கு வியாபாரிகள் சொல்கிற பதில் எனக்குத் தெரியும். "ஜனங்கள் விரும்புகிறார்கள், நாங்கள் கொடுக்கிறோம்" என்பார்கள். மட்டமான தொடர்கதையைப் போடுகிற பத்திரிகாசிரியர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். ஜனங்களுக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்துப் பார்த்தீர்களா? காய்ச்சின அன்று இருந்த ருசி இது, உங்கள் கடை விளக்கில் ஒரு வாரம் நின்ற பிறகு வந்த ருசி இது என்று சொல்லிக் கேட்டீர்களா? கேட்காமல் ஜனங்களின் தலையில் பழியைப் போடுவது எந்த நியாயம்?

இன்னொரு பதிலும் உண்டு. அதைக் கொஞ்சம் மரியாதையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் மில்லர் கம்பெனியின் 'ஹை லைஃப்' பீர் 1903-லிருந்து தெளிந்த சீசாவில் வருகிறது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ரசாயன நிபுணர்கள் ஹாப்ஸ் சத்தைப் பிரித்தெடுத்து, வெளிச்சத்தில் ஒடிகிற அந்தப் பாகத்தை ஒடியாதபடி மாற்றிவிட்டார்கள். அந்தச் சத்தை மட்டும் போட்டுக் காய்ச்சினால் தெளிந்த சீசாவிலும் நாற்றம் வராது. கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது என் கட்சிக்காரருக்குச் சாதகமான சாட்சி அல்லவா? தெளிந்த சீசா பீரைக் கெடுக்கும் என்று தெரிந்ததால்தானே இவ்வளவு பாடு? சீசாவை மாற்ற மனம் இல்லை. ஆகவே பீரை மாற்றினார்கள். செருப்பு கடிக்கிறது என்று காலைச் செதுக்கிக்கொள்கிற கதை.

சரி, வியாபாரியை விட்டுவிடுவோம். அவனுக்குக் கடை உண்டு, விளம்பரம் உண்டு, லாப நஷ்டக் கணக்கு உண்டு. என் வழக்கு முக்கியமாக வீட்டு பீர்க்காரர் மேல்தான். முடிந்து வைக்கச் சொன்ன இரண்டு வார்த்தையை இப்போது அவிழ்த்துப் பாருங்கள்: விற்கக் கூடாது. அவருக்குக் கடை இல்லை. அலமாரியில் பக்கத்துச் சரக்கோடு போட்டி இல்லை. யார் கண்ணையும் இழுக்க வேண்டிய அவசியம் இல்லை. சந்தையின் நிர்ப்பந்தம் எதுவும் இல்லாமல், ருசி ஒன்றையே நினைத்துக்கொண்டு காய்ச்சக்கூடிய பாக்கியவான் உலகத்தில் அவர் ஒருவர்தான். அவரும் தெளிந்த கண்ணாடி ஜாடியில் புளிக்க வைத்து, அதை ஜன்னல் ஓரத்தில் நிறுத்தி, நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டி, போட்டோ எடுத்து, பிறகு கிடைத்த பச்சைச் சீசாவிலும் வெள்ளைச் சீசாவிலும் அடைத்துச் சமையல் மேடையில் வரிசையாக அடுக்கி வைக்கிறார் என்றால், அவரை நான் எப்படி மன்னிப்பேன்? வியாபாரி காசுக்காகச் செய்கிற தப்பை இவர் காசு வாங்காமல் செய்கிறார்!

லண்டனிலிருந்து வந்த நண்பர் ஒருவர், அவரும் வீட்டில் காய்ச்சுகிறவர்தான், இதைக் குறித்து என்னோடு மல்லுக்கு நின்றார். அவருடைய வாதங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அவர் கட்சியிலே நிறையப் பேர் இருப்பார்கள்.

"ஈஸ்ட் வேலை செய்கிறதா, நுரை கட்டுகிறதா என்று பார்க்க வேண்டாமா?" என்றார். பார்க்கட்டும். நம் வீடுகளில் இட்லி மாவு பொங்குகிறதா என்று தெரிந்துகொள்ள யாராவது கண்ணாடிப் பாத்திரம் கேட்கிறார்களா? மூடியைத் தூக்கிப் பார்க்கிறோம். ஜாடியைத் துணியால் போர்த்தி வைத்துவிட்டு, வேண்டும்போது ஒரு கணம் விலக்கிப் பார்த்தால் போயிற்று. புளித்து முடிந்ததா என்று நிச்சயமாகச் சொல்வது கண் அல்ல, திரவமானி. அதற்கு ஒரு கரண்டி எடுத்தால் போதும்.

"புளிக்கும்போது மூடுவானேன்? சீசாவில் அடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அடுப்பிலிருந்து இறக்கும்போதே ஹாப்ஸ் அமிலம் உருமாறி உள்ளே இருக்கிறது என்பதை அவர் நினைக்கவில்லை. காவல் அன்றைக்கே தொடங்க வேண்டும்.

"வெயிலில் நான் வைப்பதே இல்லை, டியூப் லைட்தான்" என்றார். டியூப் லைட்டிலும் நீலம் உண்டு. வெயில் நிமிஷங்களில் செய்வதை அது மணிக் கணக்கிலோ நாட்கணக்கிலோ செய்யும், வேகத்தில்தான் வித்தியாசம்.

"குளிர்ப்பெட்டியில் இருக்கிறதே!" என்றார். இங்கே ஒரு பெரிய மயக்கம் இருக்கிறது. குளிர்ந்த பீர் சூடாகி, மறுபடி குளிர்ந்தால் ஸ்கங்க் நாற்றம் வரும் என்று அமெரிக்காவில் அநேகர் நம்புகிறார்கள். தப்பு. சூடு பீரைக் கிழடாக்கும். நனைந்த அட்டை போன்ற ஒரு ருசியைக் கொடுக்கும். அது வேறு வியாதி. இந்த நாற்றம் வெளிச்சத்தால் மட்டும் வருவது. இருட்டில் சூடான பீர் இப்படி நாறாது. விளக்குப் போட்ட குளிர்ப் பெட்டியில் ஜில்லென்று நிற்கிற பீர் நாறும்.

கடைசியில், "சரி, பழுப்புச் சீசா வாங்கிவிட்டேன், போதுமா?" என்றார். போதாது. பழுப்புச் சீசா குடை, கூரை அல்ல. தூறலுக்குத் தாங்கும், நாள் முழுக்க வெயிலில் நிறுத்தினால் அதையும் மீறிக் கொஞ்சம் உள்ளே போகும். நிச்சயமான காவல் வேண்டுமானால் வெளிச்சம் துளியும் நுழையாத பாத்திரம் வேண்டும். 1935 ஜனவரியில் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரத்தில் முதல் முதலாகத் தகர டப்பாவில் பீர் விற்றபோது, 'டப்பா பீரா' என்று சிரித்தவர்கள் உண்டு. வெளிச்சத்தைப் பொறுத்தவரை, அழகாகச் சிரிக்கிற எந்தச் சீசாவையும்விட அந்த அவலட்சணமான டப்பா பெரிய யோக்கியன்.

வீட்டுக்காரருக்கு டப்பா வேண்டாம், செலவே வேண்டாம். புளிக்கிற ஜாடியின் மேல் ஒரு பழைய கறுப்புச் சட்டையை மாட்டலாம். அட்டைப்பெட்டியைக் கவிழ்க்கலாம். மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தலாம். பழுப்புச் சீசா கிடைக்காவிட்டால், இருக்கிற சீசாக்களை அட்டைப்பெட்டியில் அடுக்கி மூடி வைக்கலாம். தோட்டத்தில் உட்கார்ந்து குடிக்கிறவர், ஊற்றியதை வெயிலில் வைத்துவிட்டு அரசியல் பேசாமல் குடித்து முடிக்கலாம். இவ்வளவுதான். இதில் எதற்கும் காலணா செலவு இல்லை. செலவு இல்லாத பரிகாரத்தை ஒருவர் செய்யவில்லை என்றால் காரணம் வறுமை அல்ல. காட்ட வேண்டும் என்ற ஆசை.

அந்த ஆசைக்கு இந்தக் காலத்தில் ஒரு கௌரவமான பெயர் கிடைத்திருக்கிறது: ஒளிவுமறைவு இல்லாமை. "தெளிந்த சீசாதான் நேர்மையானது, உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது" என்கிறார்கள். இந்த வாதத்தை நான் லேசில் விடமாட்டேன். மறைப்பதில் இரண்டு ஜாதி உண்டு. குறை வெளியே தெரியாமல் இருக்க மறைப்பது ஒன்று. தண்ணீர் கலந்த பாலைத் தகரக் கேனில் கொண்டுவருகிறவன் அந்த ஜாதி. பொருளுக்குக் குறை நேராமல் இருக்க மறைப்பது இன்னொன்று. வெயிலில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற தாய் அதன் தலைமேல் முந்தானையைப் போடுகிறாள். குழந்தையை ஒளித்து வைக்கிறாள் என்று அவளை யாராவது ஏசுவார்களா? பழுப்புச் சீசா மறைப்பது அப்படிப்பட்ட மறைப்பு. தெளிந்த சீசாவோ உள்ளே இருப்பதைக் காட்டுகிறது, உண்மைதான். காட்டிக்கொண்டே கெடுக்கிறது. நீங்கள் பார்ப்பது பொன் நிறத்தை. நாற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நன்றாக இருக்கிற பீரும் நாறிப்போன பீரும் அந்தச் சீசாவில் ஒரே மாதிரி ஜொலிக்கும். எந்தக் குறையைப் பார்க்க வேண்டுமோ அதைக் காட்டாத கண்ணாடிக்கு நேர்மை என்ற பட்டம் எதற்கு? காய்ச்சினவன் கையிலிருந்து என்ன ருசியோடு புறப்பட்டதோ அதே ருசியோடு குடிக்கிறவன் நாக்கை அடைய வேண்டும். பீருக்கு நேர்மை அது ஒன்றுதான்.

இந்தக் கெடுதல் பீரோடு போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாலிலும் அதே ரிபோஃப்ளேவின் இருக்கிறது. பாலைத் தெளிந்த சீசாவில் வெளிச்சத்தில் வைத்தால் அதன் ருசியும் மாறும். அந்த வைட்டமினும் அழியும். ஹாப்ஸ் இல்லாததால் ஸ்கங்க் நாற்றம் வருவதில்லை, அவ்வளவுதான். பீர் வேண்டாம் என்கிற வீடுகளிலும் பால் உண்டே! கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று பண்டங்களையெல்லாம் கண்ணாடிக்குள் விளக்கடியில் நிறுத்துகிற கடைகள் எல்லா ஊரிலும் பெருகி வருகின்றன. எந்தப் பண்டம் வெளிச்சத்தைத் தாங்கும், எது தாங்காது என்று கேட்கிற உரிமை வாங்குகிறவனுக்கு உண்டு.

எங்கள் தொழிலிலும் இந்த ஆசாமிகள் உண்டு. நாவலில் மூன்று அத்தியாயம் எழுதியவுடனே ஊரைக் கூட்டிப் படித்துக் காட்டுவார்கள். நாலு பேர் 'பேஷ்' என்பார்கள். நாலாவது அத்தியாயம் அந்தப் 'பேஷு'க்காக எழுதப்படும். கதை அன்றோடு நாறத் தொடங்கிவிடும். புளிக்க வேண்டியது புளித்து முடிகிற வரையில் மூடி வைத்திருப்பதற்கு ஒரு மனவுறுதி வேண்டும். யாரும் பார்க்காத இடத்தில் பொருள் நன்றாக இருந்தால் போதும் என்று நினைக்கிறவனுக்குத்தான் அந்த உறுதி வரும்.

வெளிச்சத்தை நான் பழிக்கவில்லை. கடைக்காரன் கணக்கு வெளிச்சத்துக்கு வரட்டும். எந்தச் சீசாவில் அடைத்தோம், ஏன் அதில் அடைத்தோம் என்ற காரணம் வெளிச்சத்துக்கு வரட்டும். பச்சைச் சீசாக் கம்பெனிகள் வாங்குகிறவனுக்கு அந்தக் காரணத்தைச் சீட்டில் அச்சடித்து ஒட்டட்டும். அவர்கள் ஒட்டமாட்டார்கள். ஆனால் வீட்டு பீர்க்காரர் அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஜன்னல் ஓரத்து ஜாடியை இன்றைக்கே எடுத்து அலமாரியில் வைக்கட்டும். பழைய சட்டை ஒன்று எந்த வீட்டிலும் இருக்கும்.